அக்கா கல்யாணத்துத் துணிமாலை

சென்ற வாரம் என் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மாலை கட்டினாள். பூமாலை இல்லை. பண்டிகைக்கு வாசலில் தொங்கவிட, துணித் துண்டுகளையும் ரிப்பனையும் வைத்துக் கட்டுகிற மாலை. கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். முடித்ததும் தூக்கிப் பிடித்து, "எப்படி இருக்கு அத்தை?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் மாலைக்குப் போகவில்லை, முடிச்சுக்குப் போனது. ஒரு இழுப்புக்குத் தாங்காத முடிச்சு.

"கொஞ்சம் இறுக்கிப் போடும்மா" என்றேன்.

"இதென்ன அத்தை, வெடிக்கவா போகுது?" என்று சிரித்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி, அவளுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத்தான் அன்று மத்தியானத் தூக்கம் போயிற்று.

என் வயதுக்காரர்களே, முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருக்கிற கூட்டமே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெடிக் கம்பெனிகள் நிறைந்த விஸ்வநத்தம் பக்கம், நம் தெருவில் பிறந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுக்கும் மருமகள்கள் வந்திருப்பார்கள், பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். சரவெடி, நம் பேச்சில் சரம், என்பது தனித்தனி வெடிகளைக் கோத்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சிவப்புக் காகிதம் சுற்றிய வெடிகளை ஜோடியாக வைத்து, அவற்றின் திரிகளை நடுவில் ஓடும் நீளத் திரியோடு சேர்த்து நூலால் பின்னிக்கொண்டே போக வேண்டும். என் அம்மாவுக்கு அதுதான் வேலை. காலையில் கம்பெனிக்குப் போனால் பொழுது சாயும்வரை பின்னல். காகிதத்தின் சாயம் ஏறி அவள் விரல் நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும். மருதாணி என்று நினைத்து வெளியூர்க்காரர்கள், "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். "தினமும் விசேஷந்தான்" என்பாள் அம்மா.

அந்த வருஷம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு முன் கூடிவந்த ஒரு சம்பந்தம், "வெடி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்" என்று கலைந்து போயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அக்கா யாரிடமும் பேசாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாள், போவாள். இரண்டு குடம் போதும் என்றாலும் நாலு குடம் எடுத்து வருவாள். வீட்டில் பாத்திரமெல்லாம் ததும்பி நிற்கும்.

அப்போதுதான் மல்லாங்கிணற்றிலிருந்து வந்தார்கள். தூரத்துச் சொந்தம். மானாவாரி நிலம், சோளமும் பருத்தியும். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், நிமிர்ந்த நடை. அப்பா கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் வெடிமருந்து வாடை. அந்த அம்மாள் வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கெல்லாம் சுருக்கென்றது.

அக்காவை அவருக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். பிறகு சாத்தூர்ச் சேவுத் தட்டைத் தொடாமல் சொன்னார்: "எங்களுக்கு நகை நட்டெல்லாம் பெருசில்ல. ரெண்டே ரெண்டு. கல்யாணத்துல ஒத்த வெடி வெடிக்கப்படாது. பிள்ள இனிமே தீப்பெட்டி, வெடின்னு எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்கப்படாது. சம்மதமா சொல்லுங்க, தட்ட மாத்திருவோம்."

அப்பா தலையாட்டினார். அம்மா, "சம்மதம் மதினி" என்றாள். சொல்லிக்கொண்டே சிவந்த விரல்களைச் சேவுத் தட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்தது.

அவர்கள் போனதும் தெருப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். "பெரிய ஜமீன் வீட்டுக்காரி! மூக்கப் பொத்துறா பாரு." "நாம பின்னுற வெடி அம்புட்டுக் கேவலமாப் போச்சா?" அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு எங்கள் தெருவில் ஜமீன் என்று பெயர். நானும் ஜமீன் என்றுதான் சொல்லித் திரிந்தேன். அம்மா மட்டும் சொல்லவில்லை.

வெடி இல்லாத கல்யாணம் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவே இல்லை. நம் ஊரில் பிள்ளை பிறந்தால் வெடி, காது குத்தினால் வெடி, செத்தால்கூட வெடி. நிச்சயம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, "பந்தல் வாசலுக்குத் துணியில ஒரு மாலை கட்டப்போறேன்" என்றாள்.

"காகிதத்துல கட்டேன். அச்சாபீஸ்ல வெட்டுக் காகிதம் சும்மாவே கிடைக்கும்" என்றார் அப்பா.

"ஆவணிக் காத்துக்குக் காகிதம் நிக்குமா? துணிதான்."

தெருக்கோடித் தையல்காரரிடம் போய் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி வாங்கிவந்தேன். அந்தச் சாக்குக்குள் தலையை விட்டால் வரும் வாடை, கஞ்சி போட்ட புதுத்துணியும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த அந்த வாடை, இன்றைக்கும் எனக்கு எந்த ஜவுளிக்கடையிலும் கிடைக்கவில்லை. பச்சை, மஞ்சள், கத்திரிப்பூ நிறம், பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் இருந்தது. தரையில் கொட்டியதும் வீடே திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது. அம்மா அதில் சிவப்பை மட்டும் பொறுக்கினாள். மற்றதைத் திரும்பச் சாக்கில் போட்டுவிட்டாள். போதவில்லை என்று அக்காவின் சின்ன வயதுச் சிவப்புப் பாவாடையை எடுத்துக் கிழித்தாள். அக்கா அதைத் தடுக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் கிழித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகம் தெளிந்து பார்த்தேன். சிவப்பு மங்கல நிறம், அதனால்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

துணியைச் சும்மா சுருட்டினால் தொங்கிப்போகும், உள்ளே எதையாவது வைத்தால்தான் விறைப்பாக நிற்கும் என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. நிச்சயத்துக்கு வந்தபோது மல்லாங்கிணற்றுக்காரர்கள் அதற்காக இரண்டு கட்டுச் சோளத்தட்டை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதில் கெட்டியான தண்டை உருவி, என் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்குவது என் வேலை. நறுக்கும்போது பாதி என் வாய்க்குள் போகும். கடித்தால் லேசாக இனிக்கும். பசு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்; அதன் சாப்பாட்டில் நான் பங்கு கேட்கிறேன் என்று அதற்குக் கோபம்.

மைதாப் பசை காய்ச்சி அதில் மயில்துத்தம் கலந்தாள் அம்மா. பூச்சி அரிக்காமல் இருக்கக் கம்பெனியில் அப்படித்தான் கலப்பார்கள். பசை இளநீலமாக, பார்க்கப் பலகாரம் போல இருக்கும். "நாக்குல வச்ச, செத்த" என்று என்னை மிரட்டி வைத்தாள். தட்டைத் துண்டில் பசை தடவி, துணியைச் சுற்றி, உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டி முறத்தில் போடுவோம். சாயங்கால வெயிலில் முறம் முழுக்கச் சிவப்பு.

நடுவில் ஓட ஒரு நீள ரிப்பன் வேண்டியிருந்தது. இங்கேதான் என் வயிற்றெரிச்சல். கோவில் பொங்கலுக்கு எனக்கு ஒரு பச்சை நைலான் ரிப்பன் வாங்கித் தந்திருந்தார்கள். பவுடர் டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருப்பேன், திறந்தால் ரிப்பனே மணக்கும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது அதைக் கட்டக்கூடாது. கம்பெனிக்குள் நைலான் ஆகாது, உரசினால் பொறி வரும் என்பார்கள். அதனால் மற்ற நேரமெல்லாம் கட்டிக்கொண்டு தெருவையே சுற்றுவேன். அம்மா அதைக் கேட்டாள்.

"மாட்டேன்."

"ஏட்டி, அக்கா கல்யாணத்துக்கில்ல? முடிஞ்சதும் திருப்பித் தாரேன்."

நான் அழுதுகொண்டே கொடுத்தேன். போதாத நீளத்துக்கு வளையல்காரரிடம் அதே பச்சையில் வாங்கி ஒட்டுப் போட்டாள். இன்றுவரை அது திரும்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அது சீசன் நேரம். தீபாவளி ஆர்டருக்குக் கம்பெனியில் பகலெல்லாம் விரல் ஒடியப் பின்னிவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவி, விளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் பின்னுவாள். அப்பாவுக்கு எரிச்சல். "கைக்கு ஒரு ஓய்வு குடுக்கக்கூடாதா? ரெண்டு வாழமரம் கட்டுனாப் பத்தாதா?" என்பார். ஒரு கூலியும் இல்லாத வேலைக்கு இவ்வளவு பாடு ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரிப்பனின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்து இறுக்குவாள். பாட்டு மாதிரி ஏதோ முனகுவாள். கம்பெனியிலிருந்து வந்து அவள் முனகி நான் கேட்டது அந்த நாட்களில்தான்.

ஒருநாள் நான் சொன்னேன்: "அம்மா, இது சரம் மாதிரியே இருக்கு."

"உனக்குக் கண்டதெல்லாம் சரந்தான். தட்டைய நறுக்கு" என்றாள். தலை நிமிரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் தாய்மாமன் ஏணி போட்டு ஏறி, பந்தல் வாசலில் அதைக் கட்டினார். வாழைமரத்துக்கு வாழைமரம் வளைவாக ஓடி, இரண்டு பக்கமும் முழங்கால் உயரம்வரை தொங்கியது. தெருவே வந்து பார்த்தது. "எம்புட்டு அளகா இருக்கு!" என்றார்கள். ஒருவர்கூட வேறெதுவும் சொல்லவில்லை. சரத்துக்கு நடுவிலேயே புழங்குகிறவர்கள். சோற்றைப் பார்த்து யார் ஆச்சரியப்படுவார்கள்?

பொழுது சாயும் முன் மாப்பிள்ளை வீட்டு லாரி வந்தது. மேளம் கொட்டியது. பெரியம்மாவும் இன்னும் சில பெண்களும் ஆரத்தித் தட்டில் சூடம் கொளுத்தி, பந்தல் வாசலில் அந்த மாலைக்கு நேர் கீழே வந்து நின்றார்கள். காற்று வேறு. சூடத்தின் தீ நாக்கு அப்படியும் இப்படியும் ஆடியது. லாரியிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா. சிரித்துக்கொண்டே நாலடி வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

அப்படி ஒரு அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. "தீய அணைங்க! ஏய், அந்தத் தீய அணைங்க!" என்று கத்தி, பின்னால் வந்த மகனின் கையைப் பிடித்து இழுத்து லாரிப் பக்கம் தள்ளினார். "எல்லாரும் பின்னால போங்க! பிள்ளைகளத் தூக்குங்க! லாரியப் பின்னால எடு!"

மேளம் நின்றுவிட்டது. பெரியம்மா பயத்தில் தட்டைக் கீழே போட்டார். ஆரத்தித் தண்ணீர் கொட்டிச் சூடம் அணைந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் மாலையைப் பார்த்துவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "ஒத்த வெடி கிடையாதுன்னு சொல்லிட்டு, வாசல்ல இம்புட்டுச் சரத்தக் கட்டி வச்சிருக்கீகளே, எங்களப் பாத்தா எப்படித் தெரியுது? ஏறுங்க எல்லாரும் லாரியில. லாரியத் திருப்பு."

"ஐயோ, இது துணிங்க" என்று தாய்மாமன் சொன்னது மல்லாங்கிணற்றுக்காரர்கள் சத்தத்தில் கரைந்தது. எங்கள் தெருக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா ஜமீன் குணத்த" என்று ஒருத்தி உரக்கவே சொன்னாள். உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். தலை நிறையப் பூ. அவள் அழவில்லை. எங்கே குடம் இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த லாரியும் போய்விட்டால் இனி அந்தத் தெருவுக்கு அவளுக்காக ஒருவரும் வரப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

அப்போது அம்மா வந்தாள். ஏணியில் அவளே ஏறி மாலையை அவிழ்த்தாள். தோளில் போட்டால் தரையில் புரளும் நீளம். அதைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெரியம்மா தவறவிட்ட தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த அம்மாளிடம் போனாள். அவர் பின்வாங்கினார். அம்மா நின்ற இடத்திலிருந்தே தீப்பெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

"சந்தேகமா இருந்தா கொளுத்துங்க மதினி. ஏங் கழுத்துலதான் கிடக்கு."

தெரு அப்படியே அடங்கிவிட்டது. தீப்பெட்டியை அந்த அம்மாள் வாங்கவில்லை. மெல்லக் கிட்டே வந்து, பாம்பைத் தொடுகிறவர் மாதிரி ஒரு சுருளை விரலால் தொட்டார். பிடித்துப் பார்த்தார். பிடுங்கி, துணியைப் பிரித்தார். உள்ளிருந்த தட்டைத் துண்டை முகர்ந்தார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், கடித்துப் பார்த்தார்.

"இது எங்க காட்டுத் தட்டையில்ல?" என்றார்.

"ஆமா மதினி. நீங்க மாட்டுக்குக் கொண்டாந்து போட்டது."

அவ்வளவுதான். அந்த நெடிய உருவம் புழுதியில் உட்கார்ந்துவிட்டது. "ஏந்தம்பி..." என்று ஆரம்பித்தார், முடியவில்லை. கையிலிருந்த தட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னார். "ஏந்தம்பி இந்தப் பக்கந்தான் ஒரு வெடிக் கம்பெனிக்கு லோடு ஏத்த வந்தான். போயிட்டு வாரேன்க்கான்னு சொல்லிட்டு வந்தான். அவன் சட்டையிலயும் இந்தக் கம்பெனி மருந்து வாடதான் அடிக்கும். எதக் குடுத்தாக தெரியுமா எங்க கையில? ஒரு துணி மூட்டை. பிரிச்சுப் பாக்காதீகன்னு சொல்லிக் குடுத்தாக."

அம்மா அவருக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள், மாலையும் கழுத்துமாக. சிவந்த விரல்களால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவள் அவற்றை மறைக்கவில்லை. ஜமீன் என்று சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். மூக்கைப் பொத்தியதைத் திமிர் என்று எத்தனை பேர் தீர்ப்புச் சொன்னோம்! தம்பியின் வாடையைத் தாங்க முடியாமல் பொத்தியிருக்கிறார்.

எழுந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டுங்க திரும்ப. ஏம் மவன் அதுக்குக் கீழதான் நடந்து வரணும்" என்றார். தாய்மாமன் மறுபடி ஏணி போட்டார். மாப்பிள்ளை அதன் கீழே நடந்து வந்தார், கொஞ்சம் வேகமாகத்தான். வெடி இல்லாமல், மேளச் சத்தம் மட்டும் கேட்டு நடந்த கல்யாணம் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். அக்கா மறுநாள் லாரி ஏறிப் போகும்போது அந்த மாலையையும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போனார், என் ரிப்பனோடு சேர்த்து. வருஷா வருஷம் தைப்பொங்கலுக்கு வாசலில் கட்டுவார். ஒரு சுருள் இல்லாத இடம் பல் விழுந்த மாதிரி தெரியும். மயில்துத்தம் போட்டதால் பூச்சி தொடவில்லை. கடைசியில் எலிதான் தின்றது.

"பாவம், கைப்பழக்கம். பின்னிப் பின்னி, துணியக் குடுத்தாலும் சரமாத்தான் வருது" என்று அந்தக் கதையை ஊரே சொன்னது. கம்பெனியில் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா சொன்னார், மாப்பிள்ளையின் அம்மா சொன்னார், நானும் வெகுகாலம் அப்படியேதான் சொன்னேன். அம்மா கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

பல வருஷம் கழித்து என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். அம்மா அப்போது வேலையை விட்டுவிட்டாள், விரல்களில் சாயம் போய்விட்டது. வாசலுக்கு ஒரு துணிமாலை கட்டித் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஆசையோடு சிவப்புத் துணியும் தட்டையும் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. மஞ்சளும் பச்சையுமாக எடுத்து, மாவிலை மாதிரி மடித்து, இடையிடையே தாமரை மொட்டு வைத்து, நான் பார்த்தே இராத ஒரு பின்னலில் கட்டிக்கொண்டே போனாள். கண் வேறு சரியாகத் தெரியாது. கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. சரத்தின் சாயல்கூட அதில் இல்லை.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "அம்மா, உனக்கு வேற மாதிரியும் கட்டத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"அப்ப அக்கா கல்யாணத்துக்கு..."

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "ஊரு உலகத்துக் கல்யாணத்துக்கெல்லாம் ஏங் கையால பின்னுன சரம் போச்சு. ஏம் பிள்ள கல்யாணத்துக்கு ஒண்ணு வேண்டாமா?"

"அவுக லாரியத் திருப்பிட்டுப் போயிருந்தா?"

அம்மா அடுத்த மொட்டை எடுத்து வைத்தாள். "அவுகளுக்குள்ள அப்படி ஒரு துக்கம் இருக்கும்னு தெரிஞ்சிருந்தாச் செய்வேனா? லாரியத் திருப்புன்னு சொன்னப்ப ஏ உசுரு ஏங்கிட்ட இல்ல" என்றாள். பிறகு முடிச்சை ஒருதரம் இழுத்து இறுக்கிப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது மாதிரிச் சொன்னாள்:

"ஆனா வெடிக்கப்படாதுன்னுதான அவுக சொன்னாக. தொங்கப்படாதுன்னு யாரும் சொல்லலையே."